குளியலறைக் கதவுக்கு வெளியே ஓர் அத்தியாயம்

1

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாதவிடாய்க்கு வைத்துக்கொள்ளும் சிலிக்கான் கப் ஒன்று, பெண்ணின் உடம்புக்குள் போய் வழி தவறி, குடலைத் தாண்டி, ஈரலைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் நெஞ்சுக்குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நம்பினேன். போகிற போக்கில் வந்த சந்தேகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுவதும், வேர்த்து வழிந்துகொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நம்பினேன். நான் பி.காம். படித்தவன். கல்யாணமாகி வெள்ளிவிழாவை எட்டிப் பார்க்கிறவன். வேலைக்குப் போகிற மகளைப் பெற்றவன்.

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும், அந்தக் கப் உள்ளே போனால் எதுவரைக்கும் போகும் என்று உங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாத ஆண்கள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாம். இடம் இருக்கிறது.

2

நான் திருவனந்தபுரத்துக்கு வந்து இறங்கிய தேதி இந்த மாதத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் பெட்டியோடு நிற்கிற என் பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்ப்பேன். செண்பகம், அதாவது என் மனைவி, "கனடாவுக்குப் போன மாதிரி ஒரு முகம்" என்று கிண்டல் செய்வாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நான் கடல் கடக்கவில்லை. விமானம் ஏறவில்லை. திருநெல்வேலியில் காலைப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை வேடிக்கை பார்த்து, மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்து சேர்ந்தவன். இதற்குப் புலம்பெயர்தல் என்று பெயர் வைத்தால் கனடாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரக் கடையில் மேனேஜராக இருக்கிறேன். கடை முதலாளி தமிழர், மூட்டை தூக்குகிறவர்கள் தமிழர்கள், லாரி வருவது விருதுநகரிலிருந்து. அந்தத் தெருவுக்குள் இருக்கும்வரை நான் ஊர்க்காரன். தெருமுனையைத் தாண்டினால் என் வாயிலிருந்து வருகிற மலையாளத்தைக் கேட்டு ஆட்டோக்காரர்கள் என்னைப் பரிவோடு பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் சரளமாக வாசிக்கக் கற்ற மலையாள எழுத்து இங்குள்ள லாரி ஆபீஸில் எழுதித் தரும் லாரி ரசீதில் உள்ளது மட்டும்தான். மல்லி, மிளகாய், உளுந்து, இத்தனை சாக்கு, சேதம் இல்லை. அதற்கு மேல் ஒரு வாக்கியம் நீண்டால் எனக்கு மூச்சு வாங்கும்.

செண்பகம் அப்படியில்லை. மகள் மதி ஒன்றாம் வகுப்பில் மலையாள அரிச்சுவடியைத் திறந்தபோது இவளும் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்துவிட்டாள். மகள் வகுப்பு ஏற ஏற இவளும் ஏறினாள். இன்றைக்கு மதி கழக்கூட்டத்தில் ஐடி வேலை பார்க்கிறாள். நெடுஞ்சாலை நெரிசலில் தினமும் வந்துபோக முடியாது என்று அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க மாட்டாள். நான் ஆசை ஆசையாக வாங்கி வைத்த தமிழ்ப் புத்தகங்கள் அவள் அறையில் அலமாரி ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அம்மாவும் மகளும் சேர்ந்து படிப்பது ஒரு மாயாஜாலத் தொடர்கதை. மலையாளத்தில் வந்திருக்கிறது. ஒவ்வொரு பாகமும் செங்கல் கனம். ஈரா என்று ஒரு பெண். மந்திரம் தெரிந்தவள். ஆனால் மந்திரம் சும்மா பலிக்காது. ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் அவளுடைய தாய்மொழியிலிருந்து ஒரு சொல் அவளுக்கு மறந்துபோகும். ஆற்றைப் பிளந்தால் 'ஆறு' என்ற சொல் போய்விடும். அவளுக்குத் துணை குதிரை அளவுக்கு ஒரு நீர்நாய். கதையைச் செண்பகம் எனக்குச் சொன்னபோது, நம் மதி நிறைய மந்திரம் போட்டிருப்பாள் போலிருக்கிறதே என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சொல்லி முடித்தபிறகு சிரிப்பு வரவில்லை.

3

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாதம் ஒருநாள் என் ஸ்கூட்டரின் கொக்கியில் ஒரு வெற்றுக் கறுப்புக் கவர் தொங்கும். செண்பகம் தொங்கவிட்டிருப்பாள். அதைப் பார்த்தால் நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் நாப்கின் வாங்கி, அந்தக் கவரிலேயே போட்டுக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவுகிற இடத்துப் பலகையில் வைத்துவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் காரியத்துக்காக நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. ஊரில் கடைக்காரர் அதைத் தினத்தாளில் சுற்றி, நூல் கட்டி, வெடிகுண்டைக் கைமாற்றுகிற மாதிரி மேசைக்கு அடியில் நீட்டுவார். இங்கே வந்த புதிதில் கடைப் பெண் வெறும் பாக்கெட்டாகவே மேசைமேல் வைத்து, பெரியதா சிறியதா, சிறகு உள்ளதா இல்லாததா என்று வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி விசாரித்தாள். எனக்குத் தெரியவில்லை. எதற்குச் சிறகு என்றும் தெரியவில்லை. உள்ளதிலேயே விலை கூடியதைத் தரச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

வாங்குவது இப்படி. தொலைப்பது அதைவிடப் பெரும்பாடு. முன்பு இருந்த வாடகை வீட்டில் கொல்லை இருந்தது, எரித்துவிடுவாள். இப்போது இருப்பது ஃபிளாட். வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்க வரும் பெண்கள் பால் கவரைக் கழுவிக் காயவைத்துத் தந்தால் வாங்குவார்கள், இதை வாங்க மாட்டார்கள். கீழே எரித்தால் புகை வருகிறது என்று முதல் மாடியில் புகார். சில ஞாயிறுகளில் அந்தப் பையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, பிணத்தை மறைக்க இடம் தேடுகிற கொலைகாரன் மாதிரி நான் நகரத்தைச் சுற்றியிருக்கிறேன்.

அப்போதுதான் வார்டு சமூகக்கூடத்தில் பெண்களுக்கு வகுப்பு வைத்து, இலவசமாகக் கப் தரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. செண்பகம் போனாள். ஆதார் அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அதில் இன்னும் பாளையங்கோட்டை விலாசம். இந்த வார்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று மேசையில் இருந்தவர் சொல்லிவிட்டார். இவள் திரும்பி வந்து, ரேஷன் அட்டை, கரண்டு பில், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். வீடு வாங்கப் போகிற மாதிரி போகிறாயே என்றேன். "என்ட்ட இல்லன்னு சொல்லிட்டால்லா, அதுக்காகவே வாங்கணும்" என்றாள். வாங்கிவந்தாள். வாங்கிய வீம்பு அடங்கியதும் பயம் வந்துவிட்டது போல. அது பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் உறங்கியது.

பிறகு ஒரு மாதம் என் ஸ்கூட்டரில் கவர் தொங்கவில்லை. தேதி எனக்குத் தோராயமாகத் தெரியும். நானாகப் போய்க் கேட்கிற பழக்கம் இல்லாததால் அவளையே சுற்றிச் சுற்றி வந்தேன். அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே முட்டையும் இல்லை, கிழங்கும் இல்லை. கண்ணாடி மாதிரி, வால் வைத்த ஒரு குட்டிக் கிண்ணம் மேலும் கீழும் ஆடியது. செண்பகம் திரும்பிப் பார்க்காமலே, வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள், கொதிக்க வைத்துத்தான் உபயோகிக்க வேண்டும் என்றாள். அட்டை, விலாசம் என்ற பேச்சை விட்டுவிட்டால், இந்த விஷயமாக அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நான் அதற்குச் சொன்ன பதில், "கேஸ் தீந்துரப் போகுது."

4

அந்த ஞாயிறு. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் குளியலறைக்குள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதம் சரியில்லை.

"ஏங்க, அது வரமாட்டேங்கு."

எது என்று கேட்டேன். கேட்கும்போதே புரிந்துவிட்டது. பேப்பர் கையிலிருந்து எங்கே போனதென்று தெரியாது. கதவருகே போய் நின்றுகொண்டு, எட்டுகிறதா என்று கேட்டேன். எட்டுகிற மாதிரி இருக்கிறது, பிடித்தால் வழுக்குகிறது, இப்போது இன்னும் மேலே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அந்த 'மேலே' என்ற சொல்லில்தான் என் கப் பயணத்தைத் தொடங்கியது. குடல், ஈரல், நெஞ்சுக்குழி. நான் என் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். முன்பு ஒருமுறை ஏதோ பரிசோதனைக்குப் போனபோது திரைக்கு அப்பால் டாக்டருக்குப் படிக்கிற மாணவர்கள் வரிசையாக நின்றார்களாம். அதற்குப் பதிலாக இங்கேயே கிடந்து சாகிறேன் என்றாள். கோபத்தில் சொன்னதுதான். எனக்கு அது கோபமாகக் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கல்லூரியில் படிக்கும்போது பாளையங்கோட்டையில் அக்கா இறந்துபோனாள். அதற்கு முந்தைய வாரங்களில் அவள் படுத்தே கிடந்தாள். பெண்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள், வாளி நிறையத் துணிகள் கொல்லைப் பக்கம் போயின. என்ன என்று நான் அம்மாவிடம் கேட்டேன். பொம்பளை சமாச்சாரம், நீ போய்ப் படி என்றாள். நானும் போய்ப் படித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் காப்பி பிளாஸ்கோடு நின்றபோது, டாக்டர் வந்து அக்காவின் கணவரான அத்தானிடம், முந்தியே கொண்டுவந்திருக்கலாமே என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அக்கா எதனால் செத்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஆண்கள் யாருக்கும் தெரியாது.

ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பயந்தது வெறும் ரப்பர் கிண்ணத்துக்கு மட்டும் இல்லை. மூடிய கதவு, உள்ளே ஒரு பெண், வெளியே ஒன்றும் தெரியாமல் நான். மறுபடியும் அதே வராந்தா. பிளாஸ்க் மட்டும்தான் கையில் இல்லை.

பக்கத்தில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் வரவேற்பில் இருக்கும் ஆண். என்ன பிரச்னை என்று மலையாளத்தில் கேட்டார். அந்தப் பொருளின் பெயரை ஓர் ஆணிடம் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் நாக்கு எழவில்லை. பாத்திரம் ஒன்று மாட்டிக்கொண்டுவிட்டது என்றேன்.

"குட்டியுடெ தலயிலாணோ?"

குழந்தையின் தலையிலா என்று கேட்கிறார். இல்லை, மனைவிக்கு என்றேன்.

"பார்யயுடெ தலயிலோ?"

மனைவியின் தலையிலா என்கிறார். அவர் அனுதாபத்தோடு, இதற்கெல்லாம் இங்கே வெட்டுகிற கருவி கிடையாது, ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிடுங்கள், வந்து பத்திரமாக அறுத்து எடுப்பார்கள் என்று சொல்லி, நம்பரும் தந்தார். நன்றி சொல்லி வைத்தேன். நான் நன்றி சொன்னதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் கூசுகிறது.

"யாருக்குப் போன் போடுதிய?" என்றாள் உள்ளேயிருந்து.

ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிடச் சொல்கிறார்கள் என்றேன்.

"கூப்பிடுங்க. ஏணியும் கொண்டாரச் சொல்லுங்க. என்னங்க நீங்க, மதிக்குப் போடுங்க."

5

மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் திணறியபோதே அவள் பிடித்துவிட்டாள். அவள் கப் உபயோகிக்க ஆரம்பித்து வெகுகாலமாகிறதாம். அம்மாவுக்கு எந்த மாதம் தொடங்கலாம் என்று நாள் குறித்துக் கொடுத்ததும் அவள்தானாம். என் வீட்டில் நடக்கிற எல்லாமே எனக்குத் தெரிவதற்கு முன்பு கழக்கூட்டத்துக்குத் தெரிகிறது.

"அப்பா, பேடிக்கண்டா கேட்டோ, பயப்படாதீங்க. அது எங்கயும் போகாது. உள்ள வழியே கிடையாது, அடைச்சிருக்கும்."

"நெஞ்சுக்கு…"

"நெஞ்சுக்கா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை விழுங்குகிற சத்தம் வந்தது. "அப்பா, அது பஸ் ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கர்ல போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கதவில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள் நான் அறியாத நிதானத்தோடு பேசினாள். குத்தவைத்து உட்கார வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிரசவத்தில் முக்குகிற மாதிரி மெதுவாக முக்கினால் தானே கீழே இறங்கும், அப்போது அடிப்பகுதியை விரலால் அமுக்கினால் உள்ளே பிடித்திருக்கும் காற்று விட்டுப்போகும், பிறகு எடுத்துவிடலாம். நான் வெளியே நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் வரைக்கும் வரவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிதான், நானே வந்து கூட்டிப்போவேன் என்று அம்மாவிடம் கறாராகச் சொன்னாள். அக்கா படுத்துக் கிடந்தபோது எங்கள் வீட்டில் இப்படிச் சொல்ல ஆள் இல்லை.

பிறகு, ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"அம்மா பயந்து உடம்பெல்லாம் இறுக்கி வச்சிருக்கு. அதான் வரல. நீங்க கதவுல முட்டி, வந்துச்சா வந்துச்சான்னு கேக்காதீங்க. அம்மாக்கு அது மறக்கணும். ஏதாவது வாசிச்சுக் குடுங்க."

"என்னத்த வாசிக்க?"

"அம்மா படிக்கிற புக்கு. கட்டில்ல காணும், அங்கதான் இருக்கும்."

அது மலையாளமாயிற்றே என்றேன். இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

6

கட்டிலில் இருந்தது. அட்டையில் ஈராவும் நீர்நாயும். எடுத்த வேகத்தில், அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட் கீழே விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திறந்த இடத்தில் திறந்தேன். குளியலறைக் கதவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமினேன்.

"ஈர… ஈரா… குஹ… குஹயுடெ… வாதில்…"

எனக்குத் தெரிந்த ஒரே வாசிப்பு லாரி ரசீது வாசிப்புதான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து, உரக்கச் சொல்லி, சரிபார்த்து, கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது. குகையின் வாசல் என்று வந்தது, வைத்தேன். கல் கதவு, வைத்தேன். அடஞ்ஞு, அதாவது மூடிக்கொண்டது. சேதம் இல்லை என்று சொல்ல வாய் வந்தது, நிறுத்திக்கொண்டேன். உள்ளே ஈரா மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்க ஒரு மந்திரம் இருக்கிறது, ஆனால் அதைச் சொன்னால் அவளுக்கு 'அம்மா' என்ற சொல் மறந்துபோகும். நான் எழுத்துக்கூட்டிக்கூட்டி அந்த வரியில் போய் நின்றபோது எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை.

"வாசிங்க" என்றாள் உள்ளேயிருந்து.

வாசித்தேன். நடுவில் அவள் என் உச்சரிப்பைத் திருத்தினாள். ஒரு நீளமான சொல்லில் நான் மூன்று தடவை முட்டி விழுந்து, நான்காவது தடவை வேறு ஒரு சொல்லாக எழுந்தபோது, கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று எழுந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நம்ம கடை மூட்டையில எழுதியிருக்கிறதையே இதைவிட அழகா வாசிப்பியளே என்றாள். வந்துவிட்டதா என்று கேட்க நாக்கு துடித்தது. மகள் சொன்னது நினைவுக்கு வந்து, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது. ஈரா கடைசிவரை அந்த மந்திரத்தைச் சொல்லவில்லை. நீர்நாய் வெளியிலிருந்து கதவை முட்டி முட்டித் திறந்தது. திறந்துவிட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டது. "நீர்… நாய்… கண்… ணடச்சு" என்று வாசித்தேன். கண்ணை மூடிவிட்டது.

"அய்யோ" என்று உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "அது செத்துப்போச்சா? அத ஏன் வாசிச்சிய? நான் இன்னும் அங்க வரலையே!"

தாழ்ப்பாள் விலகியது. செண்பகம் வெளியே வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினாள். "வந்துட்டு" என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதேன். இந்தக் குறிப்பை எழுத அவள் அனுமதி தந்தது ஒரே ஒரு நிபந்தனையில்தான்: அழுதது யார் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் இருக்கும் அத்தானுக்குப் போன் செய்தேன். நலம் விசாரித்துவிட்டு, அக்காவுக்கு அன்றைக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "பொம்பள சமாச்சாரம்லா மாப்ள, நம்மட்ட யாரு சொன்னா" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

7

என் வாசிப்பால்தான் அது வெளியே வந்தது, நீர்நாய் செத்த அதிர்ச்சியில் விடுபட்டது என்று ஒரு மாதமாக வீட்டுக்குள் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்பை எழுதி முடித்துச் செண்பகத்திடம் வாசித்துக் காட்டினேன். இது தமிழ், ஆகவே தடுமாறாமல் வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு, நடந்தது அப்படியில்லை என்று சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

கப் எங்கும் போகவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. மதி சொன்னபடி குத்தவைத்து உட்கார்ந்து, அடியை அமுக்கி, அவள் கையாலேயே எடுத்துவிட்டாள். அப்போது நான் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. அதைக் கழுவி அங்கிருந்த தட்டில் வைத்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மீதி அத்தியாயம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.